விமானத்தின் வலப்பக்கம்

என் படிப்பு மேசைக்கு மேலே உள்ள அலமாரியில் இரண்டு போயிங் 747-400 விமானங்கள் நிற்கின்றன. இரண்டும் பிளாஸ்டிக் மாதிரிகள். இரண்டும் ஒரே வகைப் பெட்டியிலிருந்து வந்தவை. முதலாவதைத் தொடக்கக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்தபோது பத்தே நாளில் செய்து முடித்தேன். இரண்டாவதற்குப் பதினொரு மாதங்கள் பிடித்தன. சென்ற மாதம்தான் முடிந்தது. முதலாவதற்கு நிறையப் பாராட்டு கிடைத்தது. இரண்டாவதை இதுவரை பார்த்தவர்கள் ஐந்தாறு பேர் இருந்தால் அதிகம்.

இருந்தும், நான் செய்தது என்று தயங்காமல் சொல்லிக்கொள்ளக்கூடியது இரண்டாவதுதான். முதலாவதைப் பார்க்கும்போது இன்றும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அது ஏன் என்று யோசித்தபோது, என் வயதினர் படித்து வளர்ந்த விதத்தோடு அதற்குத் தொடர்பு இருப்பதாகத் தோன்றியது. அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

பெட்டிக்குள் இருப்பது

மாதிரி விமானம் என்றதும் பலருக்குக் கடைகளில் கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் உலோக விமானம் நினைவுக்கு வரும். அது வாங்கி வைப்பது. நம் இளையர் பலர் செய்யும் குண்டாம் ரோபோக்கள் இன்னொரு வகை. அவற்றின் பாகங்களை அழுத்தினால் தாமாகப் பொருந்திக்கொள்ளும். பசை வேண்டாம். நிறமும் பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலேயே கலந்திருக்கும். பயணிகள் விமானப் பெட்டி அப்படி இல்லை. திறந்தால் சட்டம் சட்டமாக வெள்ளைப் பிளாஸ்டிக், ஒரு படத்தாள், ஒரு விளக்கக் கையேடு. அவ்வளவுதான். மீதியெல்லாம் நம் கையில்.

நான் செய்தது 1:144 அளவு. உண்மை விமானத்தின் 12 அடி, மாதிரியில் ஓர் அங்குலம். ஏறக்குறைய 70.7 மீட்டர் நீளமுள்ள 747-400, இந்த அளவில் 49 சென்டிமீட்டர். இறக்கையின் முனையிலிருந்து முனைவரை ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் அவருடைய உயரம் 12 மில்லிமீட்டர்.

விமானத்தின் உடல், இடம் வலம் என்று இரண்டு பாதிகளாக வரும். இரண்டையும் ஒட்டினால் முதுகிலும் வயிற்றிலும் மூக்கிலிருந்து வால்வரை ஒரு கோடு தெரியும். உண்மை விமானத்தில் அப்படி ஒரு கோடு இல்லை. எனவே அதை இல்லாமல் ஆக்க வேண்டும். புட்டி வைத்து நிரப்பி, காய்ந்ததும் 400ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 800, 1000, 2000 என்று தேய்க்க வேண்டும். போய்விட்டது என்று நம்பி, சாம்பல் நிறப் பிரைமரை மெல்லியதாகத் தெளித்தால் கோடு மறுபடியும் தெரியும். திரும்பவும் புட்டி, திரும்பவும் தேய்ப்பு. என் இரண்டாவது விமானத்தில் இது ஐந்து முறை நடந்தது.

தேய்க்கும்போது இன்னொரு சிக்கல். உலோகத் தகடுகள் சேரும் இடங்களையும் கதவுகளின் விளிம்புகளையும் காட்டும் மெல்லிய கோடுகள் பிளாஸ்டிக்கில் பதிக்கப்பட்டிருக்கும். வேண்டாத கோட்டை அழிக்கும்போது வேண்டிய கோடுகளும் கூடவே அழியும். அவற்றை ஊசிமுனையால் மறுபடி கீற வேண்டும். உண்மையில் மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் இடைவெளி, இந்த அளவில் மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்குதான். அவ்வளவு மெல்லிய கோட்டை யாராலும் கீற முடியாது. ஆகவே மாதிரியில் இருக்கும் எல்லாக் கோடுகளும் கொஞ்சம் பொய்தான். எவ்வளவு பொய் போதும் என்பதைச் செய்பவர் முடிவு செய்ய வேண்டும். கையேட்டில் அதற்கு விடை இல்லை.

பத்து நாள் விமானம்

எனக்கு இந்தப் பழக்கம் பதின்மூன்று வயதில் வந்தது. மாமா ஒருவர் வாங்கித் தந்த சிறிய போர் விமானம்தான் தொடக்கம். பசை கண்ணாடியில் பட்டு மங்கிப்போனது, நீரில் நனைத்து ஒட்டும் டிகால் படம் இரண்டாகக் கிழிந்தது. ஆனாலும் பிடித்துவிட்டது. உயர்நிலைப் பள்ளிக் காலம் முழுவதும் விடுமுறை வந்தால் ஒன்று செய்வேன்.

தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் உறவினர்கள் அலமாரியைப் பார்ப்பார்கள். “அழகா இருக்கே” என்ற சொல்லுக்கு அடுத்தபடி வருவது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “இதுக்குச் சர்டிபிகேட் ஏதாவது உண்டா?” அவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நல்லது நடக்க வேண்டும் என்று நினைத்துத்தான் கேட்டார்கள். நானும் அப்படியே நினைக்கத் தொடங்கினேன்.

தொடக்கக் கல்லூரியில் சேர்ந்ததும் ஒரு விண்ணப்பத்துக்காக என் ஆர்வங்களைப் படங்களோடு தொகுத்துத் தரவேண்டியிருந்தது. அதற்காகவே முதல் 747-ஐ வாங்கினேன். பத்து நாள் அவகாசம். எட்டுப் படங்கள் எடுத்தேன். ‘நுணுக்கம்’, ‘விடாமுயற்சி’, ‘திட்டமிடல்’ என்ற சொற்களைப் போட்டு ஒரு பக்கம் எழுதினேன். நேர்காணலில் அதைப் பற்றிக் கேட்டார்கள், பாராட்டினார்கள். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் தாத்தா வந்தார். அவருக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. 1970களில் பாய லேபார் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் சேர்ந்தவர். 1981இல் சாங்கி விமான நிலையம் திறக்கப்பட்டபோது அங்கே மாறியவர். ஓய்வு பெறும்வரை அதே வேலைதான். வீட்டில் அவர் வேலையைப் பற்றி அதிகம் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

விமானத்தை இரண்டு கைகளாலும் எடுத்தார். வாலில் இருந்த தங்க நிறப் பறவையைப் பார்த்தார். மேல்தளத்தில் எழுதியிருந்த ‘மெகாடாப்’ என்ற பெயரைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு அதை மறுபக்கம் திருப்பினார்.

நான் அந்தப் பக்கத்தைச் சரியாகச் செய்யவில்லை. எட்டுப் படங்களையும் இடப்பக்கத்திலிருந்தே எடுப்பதென்று முன்பே முடிவு செய்திருந்தேன். அதனால் வலப்பக்கத்தில் புட்டி மேடு தட்டியிருந்தது. ஜன்னல் வரிசைப் படம் சாய்ந்திருந்தது. அவசரத்தில் தேய்த்ததில் கீழே இருந்த கோடுகள் போய்விட்டன.

“கதவு எங்க பாப்பா?” என்று கேட்டார்.

பயணிகள் ஏறும் கதவைக் கேட்கிறார் என்று நினைத்து இடப்பக்கத்தைக் காட்டினேன். “அது பயணி ஏறுற பக்கம். நாங்க நின்னது இந்தப் பக்கம். சரக்குக் கதவு எங்க?” என்றார்.

அன்றுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. 747இன் கீழ்த்தளச் சரக்கு அறைகளின் கதவுகள் எல்லாமே வலப்பக்கத்தில்தான் இருக்கின்றன. பயணிகள் இடப்பக்கமாக ஏறுவார்கள். கப்பல்கள் இடப்பக்கத்தைத் துறையோடு சேர்த்து நின்ற பழக்கத்தின் தொடர்ச்சி அது என்று சொல்வதுண்டு. பயணிகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் மறுபக்கத்தில் பெட்டிகளும் சரக்குக் கொள்கலன்களும் ஏறி இறங்கும். அந்தப் பக்கம் நின்றுதான் தாத்தா முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வேலை செய்திருக்கிறார். அவருடைய விமானம் அந்தப் பக்கம். நான் தேய்த்து அழித்தது அதைத்தான்.

அவர் குறை சொல்லவில்லை. “பரவால்ல, நல்லாருக்கு” என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

பதினொரு மாத விமானம்

சில ஆண்டுகள் கழித்து, பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு முடிந்த விடுமுறையில், அதே விமானத்தை மறுபடி வாங்கினேன். இந்த முறை தாத்தாவிடம் கேட்டுக் கேட்டுச் செய்வதென்று முடிவு.

முதலில் எஞ்சின். விமான நிறுவனங்கள் 747-400 வாங்கும்போது எஞ்சினைத் தாங்களே தேர்ந்தெடுத்தன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சினையும், லுஃப்தான்சா ஜெனரல் எலக்ட்ரிக் எஞ்சினையும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பிராட் அண்ட் விட்னி எஞ்சினையும் தேர்ந்தெடுத்தன. மூன்றின் உறைகளும் வடிவத்தில் வேறுபடும். முதல் முறை பெட்டியில் இருந்ததை அப்படியே ஒட்டியிருந்தேன். தவறான எஞ்சினோடு ஒரு சிங்கப்பூர் விமானம்! நேர்காணலில் ‘நுணுக்கம்’ என்று பேசியபோது எனக்கும் அது தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. இந்த முறை ரெசினில் வார்த்த சரியான எஞ்சின்களைத் தனியாக வரவழைத்தேன்.

அந்தத் தேடலில்தான் போயிங் தன் வாடிக்கையாளர்களுக்கு எண் கொடுத்திருந்த கதையும் தெரிந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எண் 12. ஆகவே அதன் விமானம் 747-412. மலேசியா ஏர்லைன்ஸின் குறியீடு எச்6. அதன் விமானம் 747-4எச்6. ஓர் எண்ணுக்குள் ஊர் இருக்கிறது.

அடுத்தது எடை. பயணிகள் விமான மாதிரியின் மூக்குக்குள் எடை வைக்காவிட்டால் அது பின்பக்கம் சாய்ந்து வாலில் உட்கார்ந்துவிடும். உடலின் இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். ஒட்டிய பிறகு நினைவு வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளை நான் மூக்குக்குள் ஒட்டுவதைத் தாத்தா பார்த்துக்கொண்டிருந்தார். “நெசப் பிளேனும் அப்படித்தான்” என்றார். ஏற்றும்போது முன்னறையை முதலில் நிரப்ப வேண்டும், இறக்கும்போது பின்னறையை முதலில் காலி செய்ய வேண்டும். மாற்றிச் செய்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும். முந்நூறு டன்னுக்கு மேல் எடையோடு பறக்கக்கூடிய விமானத்துக்கும் இந்தக் கணக்கு உண்டு என்பது எனக்கு வியப்பாக இருந்தது. அவருக்கு அது அன்றாட வேலை.

வெள்ளை வண்ணம் அடுத்த சோதனை. பார்க்க எளிதாகத் தெரியும் வெள்ளைதான் அடிக்கக் கடினமானது. அடியில் இருப்பதை எளிதில் மறைக்காது. ஒரு தூசி விழுந்தாலும் காட்டிக் கொடுக்கும். தடித்து அடித்தால் வழியும். மெல்லிய பூச்சாகப் பல முறை தெளித்து, இடையிடையே தேய்க்க வேண்டும். நம் ஊர் ஈரப்பதம் வேறு. மழை நாளில் லாக்கர் வண்ணம் தெளித்தால் பனி படர்ந்ததுபோல் வெளுத்துவிடும். எங்கள் வீவக வீட்டில் துணி காயப்போடும் இடத்தில்தான் என் ஏர்பிரஷ் வேலை. துணி இல்லாத நாளாக இருக்க வேண்டும், மழை இல்லாத நாளாக இருக்க வேண்டும், அம்மாவுக்குத் தின்னர் வாடையைப் பொறுக்கும் மனநிலையும் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்த நாள்கள் மாதத்தில் நான்கைந்துதான். பதினொரு மாதம் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

(இந்தப் பழக்கத்தைத் தொடங்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: தின்னரும் பிளாஸ்டிக் பசையும் ஆவியாகும் இரசாயனங்கள். காற்றோட்டமும் அதற்கேற்ற முகக்கவசமும் கட்டாயம் வேண்டும். கத்தியை எப்போதும் விரலுக்கு எதிர்த்திசையில் பிடியுங்கள். என் இடது கட்டைவிரலில் உள்ள தழும்பு சாட்சி.)

இறக்கை ஒரே சாம்பல் நிறமல்ல என்பதையும் இந்த முறை கவனித்தேன். நடுப்பகுதியில் ஒரு சாம்பல், அதைச் சுற்றி வேறொரு சாம்பல், முன்விளிம்பில் பளபளக்கும் உலோகம். இடது முனையில் சிவப்பு விளக்கு, வலது முனையில் பச்சை. அடியில் மொத்தம் 18 சக்கரங்கள். மூக்கின் கீழ் இரண்டு, நடுவில் நான்கு தொகுதிகளாகப் பதினாறு. ஒவ்வொன்றும் 9 மில்லிமீட்டருக்கும் குறைவு. பல்குத்தும் குச்சியில் செருகிச் சுழற்றிக்கொண்டே தூரிகையால் தீட்டினேன்.

எல்லாம் முடிந்து பளபளவென்று இருந்ததைத் தாத்தாவிடம் காட்டினேன். வயிற்றுப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். “இவ்ளோ சுத்தமா எந்தப் பிளேனும் இருக்காது” என்றார். சக்கரங்கள் மடங்கும் இடத்தைச் சுற்றி எண்ணெய்க் கறை இருக்குமாம். சொட்டிய எண்ணெயைப் பறக்கும்போது காற்று பின்பக்கமாக இழுத்துச் செல்லுமாம். சரக்குக் கதவின் கீழ் விளிம்பில் கொள்கலன்கள் உரசிய கீறல்கள் இருக்குமாம். எது எங்கே என்று ஒரு பென்சிலால் தாளில் வரைந்து காட்டினார். அவர் இவ்வளவு நேரம் தொடர்ந்து தன் வேலையைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுவே முதல் முறை.

மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் கறை, உண்மையில் 14 சென்டிமீட்டருக்கும் மேல். கொஞ்சம் கூடினாலும் விமானம் சேற்றில் புரண்டதுபோல் ஆகிவிடும். எண்ணெய் வண்ணத்தை ஒரு புள்ளி வைத்து, தின்னரில் நனைத்துப் பிழிந்த தூரிகையால் மூக்கிலிருந்து வால் நோக்கி இழுத்தேன். பெரும்பகுதியைத் துடைத்தும் எடுத்தேன். சரக்குக் கதவின் கோடுகளை ஊசியால் புதிதாகக் கீறினேன். கதவின் அகலம் 2 சென்டிமீட்டர்கூட இல்லை. அதற்கு மூன்று மாலை நேரங்கள் போயின.

யாருக்காகச் செய்கிறோம்?

இரண்டாவது விமானம் குறையற்றது என்று சொல்ல மாட்டேன். இடது இறக்கையில் ஒரு டிகாலின் அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மின்னுகிறது. முதுகில் ஒட்டிய ஓர் அலைவாங்கியை என் கைச்சட்டையே தட்டிவிட்டது. மறுபடி ஒட்டியதில் சற்றே சாய்ந்து நிற்கிறது. ஆனால் அந்தக் குறைகள் என் கை எட்டாததால் வந்தவை. முதல் விமானத்தின் குறைகளோ, அந்தப் பக்கத்தை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்தே நான் விட்டவை.

இதுதான் என் கருத்து. யாரோ மதிப்பெண் போடுவதற்காகவே ஒன்றைச் செய்யும்போது, அவர் பார்க்கும் பக்கத்தை மட்டும் முடிக்கப் பழகிவிடுகிறோம். பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் இதில் நாம் தேர்ந்துவிடுகிறோம். கேள்வித்தாளில் எது வரும், மதிப்பீட்டு அட்டவணையில் எதற்கு எத்தனை மதிப்பெண் என்று கணக்கிடுவது நமக்குக் கைவந்த கலை. தவறில்லை, தேர்வுக்கு அது தேவை. ஆனால் மதிப்பீட்டு அட்டவணை இல்லாத ஒரு வேலையை எதிர்கொள்ளும்போது எங்கே தொடங்குவது, எது போதும், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் திணறுகிறோம். பல்கலைக்கழகத்தில் என் நண்பர்கள் பலரிடம் இதைப் பார்க்கிறேன். என்னிடமும் பார்க்கிறேன்.

நம் கல்வி அமைப்பு இதை உணராமல் இல்லை. தொடக்கப் பள்ளிகளிலும் உயர்நிலைப் பள்ளிகளிலும் நடுவாண்டுத் தேர்வுகள் 2023ஆம் ஆண்டோடு முற்றிலும் நீக்கப்பட்டன. தேர்வு மதிப்பெண்ணுக்கு அப்பாலுள்ள திறன்களையும் பார்த்து மாணவர்களைச் சேர்க்கும் வழிகள் வந்துள்ளன. நல்ல மாற்றங்கள்தான். ஆனால் தேர்வு விட்டுச்சென்ற இடத்தை நாமே வேறொன்றால் நிரப்பிவிட்டோம் என்று தோன்றுகிறது. முன்பு பொழுதுபோக்காக இருந்தது இப்போது விண்ணப்பத்தில் ஒரு பக்கம். ஆர்வம்கூட ஒரு பாடமாகிவிட்டது.

என் முதல் விமானத்துக்கு நேர்ந்தது அதுதான். பதின்மூன்று வயதில் கிழிந்த டிகாலோடு நான் செய்த போர் விமானத்துக்கு இருந்த நேர்மை அதற்கு இல்லை.

மறுப்புகளும் உண்டு

“விண்ணப்பத்தில் போடுவது உனக்கு உதவத்தானே செய்தது?” என்று கேட்கலாம். உண்மை. என் பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பெரிய தொடர்புகளோ பணமோ இல்லாத குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட வாய்ப்புகள் கதவைத் திறக்கின்றன. சான்றிதழைப் பற்றிக் கேட்ட உறவினர்களை நான் கேலி செய்ய மாட்டேன். கடினமாக உழைத்து மேலே வந்தவர்களுக்குப் பிள்ளையின் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வரவேண்டும் என்ற கவலை இருக்கும். நான் கேட்பது, எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பதுதான். பத்தில் ஒன்பதைச் சேருங்கள். ஒன்றை விட்டுவிடுங்கள்.

“இது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு” என்பது இன்னொரு மறுப்பு. பெட்டி, தனியே வாங்கிய எஞ்சின், டிகால், வண்ணங்கள் எல்லாம் சேர்த்து எனக்கு நூறு வெள்ளிக்கு மேல் ஆனது. பகுதிநேரமாகத் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம். பதினொரு மாதங்களுக்குப் பிரித்துப் பார்த்தால் மாதத்துக்கு ஒரு திரைப்படச் செலவுக்கும் குறைவு. ஏர்பிரஷ் எனக்கு இரண்டாம் கையாகக் கிடைத்தது. அதுகூட இல்லாமல் தூரிகையாலேயே அழகாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். தவிர, விமானம்தான் வேண்டும் என்றும் இல்லை. தையலாகட்டும், பழைய சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவதாகட்டும், மாடித் தொட்டியில் கறிவேப்பிலை வளர்ப்பதாகட்டும், கையால் செய்யும் எந்த வேலையிலும் யாரும் பார்க்காத ஒரு வலப்பக்கம் இருக்கும்.

“கணக்கியல் படிக்கும் உனக்கு இது எதற்கு?” என்று கேட்பவர்களும் உண்டு. வேலைக்குப் பயன்படும் திறன் என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். சொல்ல விரும்பவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் விண்ணப்பத்தில் எழுதிய அந்த ஒரு பக்கமாகிவிடும்.

என் தம்பி இன்னும் ஒரு படி மேலே போனான். “இதைப் பத்திப் பேப்பர்ல எழுதுறியே, இதுவும் அதேதானேக்கா?” என்றான். நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில்: விமானம் முடிந்து மூன்று வாரங்கள் கழித்துத்தான் எழுதும் எண்ணமே வந்தது. கட்டுரையோடு விமானத்தின் படத்தை அனுப்பவில்லை. அவன் முழுதாக ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

சில யோசனைகள்

பல பள்ளிகளில் இப்போது மாணவர்கள் கைவேலை செய்து பார்க்கத் தனி அறைகள் இருக்கின்றன. நல்ல கருவிகள் இருக்கின்றன. ஆனால் அங்கே செய்யும் ஒவ்வொன்றும் ஒரு போட்டியிலோ படைப்பிலோ, ‘இதிலிருந்து நான் கற்றது என்ன’ என்ற தாளிலோ போய் முடிகிறது. அந்த அறையில் ஒரே ஓர் அலமாரியை ஒதுக்கிவிடுங்கள். அதில் வைப்பதற்குக் கெடு இல்லை, மதிப்பெண் இல்லை, தாள் இல்லை. ஒரு மாணவர் ஓராண்டு முழுவதும் ஒரே பொருளோடு போராடினாலும் யாரும் கேட்கக்கூடாது.

சமூக மன்றங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கப்பல் பட்டறையிலும் விமான நிலையத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்து ஓய்வு பெற்ற தாத்தா பாட்டிகள் நம் புளோக்குகளின் கீழ்த்தளத்தில் மாலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘உங்கள் வாழ்க்கைக் கதையைச் சொல்லுங்கள்’ என்று ஒலிவாங்கியை நீட்டினால் அவர்களில் பலர் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். என் தாத்தாவும் அப்படித்தான். ஒரு பொருளைக் கையில் கொடுத்து, “இது சரியா இருக்கா தாத்தா?” என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு தானாக வரும். அதுவும் தமிழில் வரும். மூக்கு தூக்கிக்கொள்ளும் கணக்கை நான் தமிழில்தான் கற்றேன். என் தமிழ்ப் பாடநூலில் அது இருந்ததில்லை.

பெற்றோருக்கும் உறவினர்களுக்கும் ஒரு சிறு வேண்டுகோள். பிள்ளை எதையாவது செய்துகொண்டு வந்து காட்டினால், “இதுக்கு என்ன கிடைக்கும்?” என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவையுங்கள். “எந்த இடம் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?” என்று கேளுங்கள். முடிந்தால் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 747 பயணிகள் சேவை 2012 ஏப்ரலில் முடிவுக்கு வந்தது. போயிங் தயாரித்த மொத்தம் 1,574 விமானங்களில் கடைசி 747, 2023 ஜனவரி 31ஆம் தேதி ஒப்படைக்கப்பட்டது. சரக்கு விமானமாக அது இன்னும் சாங்கிக்கு வந்துபோகிறது. தாத்தாவுக்கு அதில் ஒரு திருப்தி. “பயணி போயிட்டாங்க, சரக்கு இருக்கு” என்பார்.

இரண்டாவது விமானத்தை முடித்த அன்று அவரிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் முன் சரக்குக் கதவின் கோட்டை ஒருமுறை தடவினார். கதவுக்குக் கீழே, சற்று முன்னால், மேசையில் ஓர் இடத்தைத் தொட்டு, “இங்கதான் நிப்பேன்” என்றார்.

1:144 அளவில் 12 மில்லிமீட்டர் உயரத்தில் மனித உருவங்களும் கடையில் கிடைக்கின்றன. அடுத்த முறை போகும்போது ஒன்று வாங்க வேண்டும்.